பாதம் பற்றிய கருத்துக்கேட்பு

நார்வேயில் ஆங்கிலம் தெரியாத ஒருவரைக் காட்டுங்கள், அவருக்கு ஒரு வாரம் என் கையால் மீன் சூப் வைத்துப் போடுகிறேன். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே ஆங்கிலத்தில் சண்டை போடப் பழகிவிடுகிறார்கள். பேருந்து ஓட்டுகிறவருக்குத் தெரியும், பாதிரியாருக்குத் தெரியும், சந்தையில் இறால் விற்கிறவருக்கு இரண்டு விதமான ஆங்கிலம் தெரியும். அப்படிப்பட்ட நாட்டில் ஒன்றரைப் பக்க ஆங்கிலக் கடிதம் ஒன்றை ஏழு மாதம் யாராலும் படிக்க முடியாமல் போனது. அது என்னைப் பற்றிய கடிதம் என்பதால் நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாரிடமாவது விட்டால் அதற்கும் ஒரு குழு போடுவார்கள்.

என் பெயர் ஆஸ்முண்ட். பெர்கன்காரன். கடலில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் பதினெட்டு வருஷமாகச் சமையற்காரன். போன செப்டம்பர் முப்பதாம் தேதி, கப்பல் ஸ்காட்லாந்தில் அபெர்டீன் துறைமுகத்தில் நின்றபோது, சமையற்கட்டுத் தரையில் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி விழுந்தேன். அடுப்பின் இரும்பு விளிம்பு வலது முழங்காலின் வெளிப்பக்கத்தைக் கிழித்தது. காயம் பெரிதில்லை. ஆனால் அந்த இடத்தில் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறதாம். அது அறுந்துவிட்டது. அன்றிலிருந்து என் வலது பாதம் மேலே எழவில்லை. நடந்தால் ஈரத் துணியைத் தரையில் அடிப்பது போலச் சத்தம் வரும்.

அங்கே எனக்குத் தையல் போட்டவர் டாக்டர் ரோரி, வாய் ஓயாத மனிதர். அறுந்த நரம்பை ஆறு மாதத்துக்குள் ஒட்டுப்போட்டால் பாதம் பிழைக்கும், அதற்குப் பிறகு போடுவதும் ஒன்றுதான் போடாததும் ஒன்றுதான் என்றார். பிறகு ஒரு வருஷம் பயிற்சி தேவைப்படும், அதனால் ஊரிலேயே செய்துகொள் என்று கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். பேசுவது போலவே எழுதுகிற ஆள். அவருடைய ஆங்கிலப் பேச்சு வழக்குகளைச் சொல்லுக்குச் சொல் அப்படியே வைத்தால் கடிதம் இப்படி இருந்தது:

"அன்புள்ள நண்பர்களே, ஆஸ்முண்ட் நல்ல சமையற்காரர். தரையில் எண்ணெய் சிந்துவது கப்பல் தலைவருக்குத் தெரியும், ஆனால் அவர் குருட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். உயிருக்கு ஆபத்தில்லாமல் ஆஸ்முண்ட் பல்லின் தோலால் தப்பினார். முழங்கால் அருகே நரம்பு அறுந்திருக்கிறது. பாதத்தைத் தூக்க முடியவில்லை. ஆறு மாதத்துக்குள் அறுவை செய்யுங்கள், இல்லாவிட்டால் பாதம் போய்விடும். எங்களுக்கு இங்கே கழுத்துவரை வேலை. காப்பீட்டுக்காரர்கள் குளிர்ந்த தோளைக் காட்டுகிறார்கள். மற்றதைக் காதால் வாசித்துக்கொள்ளுங்கள்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் வாங்கிப் பார்த்தாள். கண் வரி வரியாக ஓடியது.

"அடடா, ஆறு மாசந்தானா? பாவமே" என்றாள்.

"அதான். டாக்டர பாக்கணும்."

"இது இங்கிலீஷ்ல இருக்கே. உடலுறுப்புச் சொல் ஆணையத்துக்குப் போய் மொழிபெயர்த்து வாங்கிட்டு வா. அப்புறந்தான் வரிசைல உன் பேரு வரும்."

"நீதான் படிச்சிட்டியே!"

"நான் படிச்சது எடுபடாது" என்று சிரித்தாள். நல்ல பெண். கதவு வரைக்கும் வந்து வழி சொன்னாள்.

உடலுறுப்புச் சொல் ஆணையம் துறைமுகத்தைப் பார்த்த ஒரு மரக் கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் இருந்தது. நான் போன நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் அலுவலகங்களில் வாஃபிள் என்ற இனிப்பு அடை சுடுவார்கள். மாடிப்படியிலேயே வெண்ணெய் வாசனை வந்தது. உள்ளே எல்லாரும் காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் "நோயாளியே நடுவில்" என்று எழுதி மாட்டியிருந்தது. தலைவி டாக்னி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இங்கே மந்திரியையும் பெயர் சொல்லி நீ என்றுதான் கூப்பிடுவோம். அதனால் அதிகாரிமேல் கோபம் வந்தால்கூட ஏதோ சொந்தக்காரரோடு மனஸ்தாபம் போலத்தான் இருக்கும், முழுசாகத் திட்டவும் வராது.

"உக்காரு ஆஸ்முண்ட். ஜாம் போடவா, பழுப்புச் சீஸா?" என்றாள். "முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நாங்க அதிகாரிங்க இல்ல. உன்னோட சேர்ந்து நடக்கிறவங்க."

"எனக்கு நடக்கறதுதான் சிரமமா இருக்கு. ஆறு மாசந்தான் கெடு" என்று கடிதத்தை நீட்டினேன். அவளும் படித்தாள். "பல்லின் தோல்" வந்த இடத்தில் களுக்கென்று சிரித்துவிட்டு, "நாம இத மயிரிழைல தப்பினான்னு சொல்லுவோம், இல்ல?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள்.

பக்கத்தில் இருந்தவர் ஐவின்ட், ஆணையத்தின் சட்டச் செயலாளர். ஒல்லியான, மெல்லப் பேசுகிற ஆள். அவருக்கு ஓட்டு கிடையாது. விதி மட்டும்தான்.

"மயிரிழைன்னு போட முடியாது டாக்னி" என்றார். "மூலத்துல பல்லு இருக்கு. நாம போட்டா பல்லு போய் மயிர் வருது. நோயாளியோட எந்த உறுப்பும் மொழிபெயர்ப்புல காணாம போகக் கூடாது, புதுசா முளைக்கவும் கூடாது. விதி ஒன்பது."

நான் சொன்னேன்: "அது உறுப்பு இல்லப்பா, பேச்சு வழக்கு. குருட்டுக் கண்ணுன்னா கண்டும் காணாம விட்டாரு, குளிர்ந்த தோளுன்னா முகம் குடுக்கல, காதால வாசின்னா நிலைமையப் பாத்துச் செய்யின்னு அர்த்தம். எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல. கண்ணுல ஒண்ணும் இல்ல. கால்தான்."

"அது எங்களுக்கும் தெரியும்" என்றார் ஐவின்ட், கொஞ்சம் மனவருத்தத்தோடு. "நான் இங்கிலீஷ் இலக்கியத்துல பட்டம் வாங்கினவன். தெரிஞ்சதுங்கறதுக்காக எழுதிற முடியுமா?"

அப்புறம் எண்ணினார்கள். கண், பல், முழங்கால், பாதம், கழுத்து, தோள், காது. ஏழு உறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆணையம் ஏற்றுக்கொண்ட ஒரு நார்வேஜியச் சொல் இருக்க வேண்டுமாம். இதுவரை எத்தனை சொல் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். டாக்னி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பதினோரு வருஷத்துல ஏழு. இன்னிய வரைக்கும் ஒரு சொல்லுகூடத் தப்பா போனதில்ல. மத்த நாட்டுல அவசரப்பட்டு அகராதியே போட்டுடறாங்க. நாங்க மேலேர்ந்து கீழ வர்றோம். கண்ணு, காது, மூக்கு, பல்லு, கழுத்து, தோள் முடிஞ்சுது. இப்ப முழங்கைகிட்ட இருக்கோம்."

"ஏழுன்னியே?"

"முழங்கால் மட்டும் நடுவுல வந்துடுச்சு. பனிச்சறுக்குச் சங்கம் விடல."

"பாதம்?"

டாக்னி என் தோளில் கை வைத்தாள். "நீ ரொம்பக் கீழ போயிட்ட, ஆஸ்முண்ட்."

வீட்டுக்கு வந்து மனைவி போர்கில்டிடம் சொன்னேன். அவள் முப்பது வருஷம் தபால் பிரித்தவள், விலாசம் கிறுக்கலாக இருந்தாலும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் கடிதத்தைச் சேர்த்தவள். "கடுதாசிய நம்ம கிட்ட குடுத்தா நானே எழுதித் தர்றேன், ஒரு காப்பி குடிக்கற நேரம்" என்றாள். எழுதியும் கொடுத்தாள். அதை ஐவின்ட் இரண்டு விரலால் வாங்கி, அழகாக இருக்கிறது என்று சொல்லி, திருப்பிக் கொடுத்துவிட்டார். தனியார் மருத்துவமனையிலும் கேட்டுப் பார்த்தோம். அவர்கள் முழங்கால் மட்டும்தான் பார்ப்பார்களாம், அதுவும் ஆணையத்தின் முத்திரை இருந்தால்.

இதற்கிடையே தயாராக இருந்த சொற்களை வைத்து கடிதத்தின் மற்றப் பகுதிகளை ஆணையம் மொழிபெயர்த்து அனுப்பிவிட்டது. எங்கள் நாட்டை இந்த விஷயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டே வாரத்தில் கண் பரிசோதனைக்கு அழைப்பு வந்தது. குருட்டுக் கண் எது என்று கேட்டார்கள். கப்பல் தலைவருடையது என்றேன். எழுதிக்கொண்டு, என்னிடம் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். பல் வைத்தியர் அரைமணி நேரம் விளக்கடித்துத் தேடிவிட்டு, "பல்லில் தோல் காணப்படவில்லை, ஆண்டுதோறும் கண்காணிக்கவும்" என்று எழுதினார். முழங்காலில் தையல் ஆறிவிட்டது, மற்றது பாதத்தின் விஷயம் என்று எழுதினார்கள். கழுத்துக்கு ஒரு பட்டை வந்தது. குளிர்ந்த தோளுக்குப் பத்து நாள் சூட்டு விளக்கு. காதுக்கு இரண்டு கருவி, ஒரு காசு வாங்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் என் பாதம் தரையில் அடிக்கும் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது.

நவம்பரில் ஒருநாள் காது கருவியைச் சரிபார்க்க மருத்துவமனைக்குப் போனேன். மின்தூக்கியில் ஒருவர் என் காலைப் பார்த்தார். அவர்தான் டாக்டர் மாக்னே, நரம்பு ஒட்டுகிறவர். எங்கள் மாவட்டத்துக்கே அவர் ஒருவர்தான். நான் சும்மா விடுவேனா? கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"இத என்கிட்ட காட்டாத" என்றார். ஆனால் பார்வையை எடுக்கவில்லை.

"படிக்கிறியே."

"படிக்கல. பாக்கறேன்." மின்தூக்கி இரண்டு மாடி ஏறியது. அவர் முகம் வாடிப்போனது. "நான் போலந்துல ஆறு வருஷம் இங்கிலீஷ்லதான் மருத்துவம் படிச்சேன். ரோரியோட ரெண்டு மாநாட்டுல சேர்ந்து குடிச்சிருக்கேன். அவன் சொன்னது சரியான கணக்குதான். மார்ச்சு கடைசி. நாலு மணி நேர வேலை. நாளைக்கே செய்வேன்."

"அப்ப செய்யேன்."

"எப்படி? நீ இன்னும் என் நோயாளியே இல்ல. உன் பாதத்தப் பத்தி எனக்கு எதுவுமே தெரியாது." கதவு திறந்தது. இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "அவங்ககிட்ட பேசு. நல்லவங்கதான்."

போய்ப் பேசினேன். உண்மையிலேயே நல்லவர்கள். முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு எல்லாவற்றையும் தாண்டி என் பாதத்தை முன்னால் எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். ஐந்தே நிமிஷத்தில் சொல்லும் முடிவாகிவிட்டது. எங்கள் மொழியை எழுதச் சட்டப்படியே இரண்டு வடிவம் உண்டு. ஓட்டுள்ளவர்கள் நாலு பேர். டாக்னி, எங்கள் நாட்டின் ஒரு எழுத்துமொழிக்கு வென்கே, இன்னொரு எழுத்துமொழிக்கு ஸ்டைனார், மருத்துவர் ஒருவர். இரண்டு எழுத்துமொழிக்காரர்களும் எதிலும் ஒத்துப்போனதே இல்லையாம். இதில் ஒத்துப்போனார்கள். பாதத்துக்கு இரண்டிலும் ஒரே சொல்தான். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"எல்லாரும் ஒரே கருத்து" என்றார் ஐவின்ட். "அதுதான் சங்கடம். கருத்து வேறுபாடு இருந்தா நாமளே ஓட்டுப் போட்டுத் தீர்த்துக்கலாம். எல்லாரும் ஒத்துப் போறப்போ, யாரையாவது கேக்காம விட்டுட்டோமோங்கற சந்தேகம் வருது. நம்ம மேற்குக் கரைத் தீவுகள்ல இடுப்புக்குக் கீழ எல்லாத்தையும் அந்த ஒரே சொல்லாலதான் சொல்றாங்க. அவங்க மனசு புண்படலாம். பொதுக் கருத்துக்கேட்புக்கு அனுப்பணும். மூணு மாசம்."

"நானே அந்தத் தீவுல பொறந்தவன்தான்யா! என் மனசு புண்படல!"

டாக்னி கைதட்டினாள். "பாத்தியா, இதுதான் வேணும்! ஆணையத்துல பயனாளிப் பிரதிநிதின்னு ஒரு இடம் ரெண்டு வருஷமா காலியா கெடக்கு. அந்த இடம் காலியா இருக்கறப்போ போடற தீர்மானம் எதுவும் செல்லாது. நீயே வந்துரு. உன்னப் பத்தி முடிவெடுக்கறப்போ நீ இல்லாம எப்படி?"

இப்படித்தான் நான் உடலுறுப்புச் சொல் ஆணையத்தின் ஐந்தாவது உறுப்பினன் ஆனேன். மறுவாரம் கம்பளிச் சாக்ஸோடு போய் உட்கார்ந்தேன். போர்கில்ட் ரொட்டியில் ஆட்டிறைச்சி வைத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தாள். கூட்டத்தில் பேச வேண்டிய முதல் பொருளே என் கடிதம். டாக்னி வாயைத் திறப்பதற்குள் ஐவின்ட் இருமினார்.

"ஆஸ்முண்ட், நீ கொஞ்சம் வெளிய இருக்கணும்."

"ஏன்?"

"பேசப்போறது உன் பாதத்தப் பத்தி. அதுல உனக்குச் சொந்த அக்கறை இருக்கு. சொந்த அக்கறை உள்ளவங்க அந்த விஷயத்துல உக்காரக் கூடாது. சட்டம்."

"என் பாதத்துல எனக்கு அக்கறை இல்லாம பின்ன யாருக்கு இருக்கும்?"

"அததான் நானும் சொல்றேன்" என்றார்.

நடைபாதையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். டாக்னியே ஒரு சின்ன மெத்தையும் கொண்டுவந்து வைத்தாள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை எட்டுக் கூட்டம் நடந்தது. முழங்கையைப் பற்றிப் பேசும்போது உள்ளே இருப்பேன். எனக்கு முழங்கையைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் கேட்டார்கள், சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். பாதம் என்று வந்ததும் எழுந்து வெளியே போவேன். கண்ணாடிக் கதவு வழியாக வாய் அசைவது தெரியும். கோபமாக வந்தது என்றால் பொய். அயர்ச்சிதான். இருபது பேருக்கு மூன்று வேளை சமைத்துப் போட்டபோதுகூட எனக்கு இப்படி அயர்ந்ததில்லை. வெளியே உட்கார்ந்து, தினமும் இரவு படுக்கப்போகும்போது செய்வதைப் போல வலது கால் கட்டைவிரலைத் தூக்கப் பார்ப்பேன். அது அசையாது.

கருத்துக்கேட்பு நாற்பத்து மூன்று அமைப்புகளுக்குப் போனது. நகராட்சிகள், மறைமாவட்டம், மீனவர் சங்கம், காலணிக் கடைக்காரர்கள், நாட்டுப்புற நடனக் கழகம். நாற்பத்தொரு பேர் "கருத்து ஏதும் இல்லை" என்று முத்திரை வைத்து அனுப்பினார்கள். ஒருவர் கருத்து இல்லை என்று சொல்வதற்கே இரண்டு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினார். பனிச்சறுக்குச் சங்கம் மட்டும் பதினோரு பக்கம் எழுதியிருந்தது, எல்லாம் முழங்காலைப் பற்றி. கடைசிப் பதில் மார்ச் இருபதாம் தேதி வந்தது. தீர்மானம் போட வேண்டியதுதான் பாக்கி. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மார்ச் இருபத்தேழு, காலை பத்து மணிக்குக் கூட்டம். டாக்டர் மாக்னே திங்கட்கிழமை காலையை எனக்காகக் காலியாக வைத்திருப்பதாக யார் மூலமாகவோ சொல்லி அனுப்பினார், என்னைத் தெரியாதவர் என்ற முறையில்.

அன்றைக்குப் போர்கில்டும் கூட வந்தாள். கீழே காரில் இருந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் துணிப்பை கட்டி வைத்திருந்தாள்.

மாடியில் டாக்னியும் ஸ்டைனாரும் ஐவின்டும்தான் இருந்தார்கள். மருத்துவ உறுப்பினர் குழந்தை பிறந்ததால் விடுப்பில் போய்விட்டார். வென்கே முந்தின நாளே ஈஸ்டருக்கு மலைக் குடிலுக்குப் போய்விட்டாள். ஈஸ்டர் வந்தால் எங்கள் நாடே ஆரஞ்சுப் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு பனிமலைக்கு ஏறிவிடும். பத்து நாளைக்கு இந்த நாட்டில் சாகக்கூட ஆள் கிடைக்காது.

"ஓட்டுள்ளவங்க மூணு பேர் இருந்தா போதும், தீர்மானம் போடலாம்" என்றார் ஐவின்ட். "உன்னோட சேத்து மூணு பேர் இருக்கீங்க."

"போடு" என்றேன்.

"பொருள் ஒண்ணு, பாதம். ஆஸ்முண்ட், நீ வெளிய."

எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, கதவு திறந்தது. ஐவின்ட் முகம் வெளுத்திருந்தது.

"நீ வெளிய போனா ஓட்டுள்ளவங்க ரெண்டு பேருதான்."

"அப்ப உள்ள வர்றேன்."

"நீ உள்ள வந்தா உனக்குச் சொந்த அக்கறை."

"நான் ராஜினாமா பண்றேன். இப்பவே எழுதித் தர்றேன்."

"பயனாளிப் பிரதிநிதி இல்லாத தீர்மானம் செல்லாதே" என்றாள் டாக்னி. நிஜமாகவே அவள் கண் கலங்கியிருந்தது.

"வென்கேவுக்குப் போன் பண்ணு!"

மூவரும் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். அதுவரை எவ்வளவோ பொறுத்துப் போனவர்கள். விடுப்பில் குடிலில் இருக்கிற ஒருவருக்குப் போன் செய்யச் சொன்னதும், ஏதோ பூஜை நடக்கும் இடத்தில் செருப்போடு நுழைந்தவனைப் போலப் பார்த்தார்கள்.

"ஆஸ்முண்ட்" என்றார் ஸ்டைனார், நாலு மாதத்தில் முதல்முறையாக என்னோடு பேசினார், "அது ஈஸ்டர்."

நான் கத்தினேன். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். "என் பாதம் திங்கட்கிழமை செத்துப்போகும்! உங்க மூணு பேருக்கும் அந்தச் சொல்லு தெரியும். கீழ கார்ல இருக்கற என் பொண்டாட்டிக்குத் தெரியும். நாற்பத்து மூணு சங்கத்துக்குத் தெரியும்! யாராவது ஒருத்தர் ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க!"

டாக்னி என்னைக் கட்டிக்கொண்டாள். "உன் கோபத்த நாங்க மதிக்கிறோம். குறிப்புல எழுதிக்கறோம். இதுக்காகத்தான் பயனாளி வேணும்னு நான் எப்பவும் சொல்றது. நீ இல்லன்னா இந்த வலி எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கும் மலைக்குப் போகிற ரயில் பன்னிரண்டு மணிக்கு.

ஐவின்ட் என் கோபத்தைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். அதைச் சரிபார்க்கச் சொல்லி எனக்குப் படித்துக் காட்டினார். "உறுப்பினர் ஆஸ்முண்ட் காலக்கெடு குறித்துக் கவலை தெரிவித்தார்" என்று இருந்தது. கீழே இறங்கி வந்தபோது போர்கில்ட் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைப் பின் இருக்கையில் வைத்தாள்.

ஏப்ரல் நடுவில் எங்கள் குடும்ப மருத்துவர் கால் தசையில் ஊசி குத்தி மின்சாரம் வைத்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். திரையில் ஒரு கோடு நேராக ஓடிக்கொண்டே இருந்தது. தசை செத்துவிட்டது, இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை, பிளாஸ்டிக் பட்டை மாட்டிக்கொண்டு நடக்கலாம் என்று எழுதினார்கள். அந்த அறிக்கை நார்வேஜிய மொழியில் இருந்ததால் அன்று மாலையே எல்லா அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. டாக்டர் மாக்னே எனக்குப் போன் செய்தார். அறிக்கையைப் படித்ததாகச் சொன்னார். பிறகு அவர் வைத்துவிட்டார்.

கப்பல் கம்பெனி என்னைக் கரைக்கு மாற்றிவிட்டது. ஆடுகிற சமையற்கட்டில் எழாத பாதத்தை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. எனக்குக் கடல்தான் பிடிக்கும். வேறு எதுவும் எனக்குப் பெரிதாகப் பிடித்ததில்லை. அன்று குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், காது கருவியைக் கழற்றி வைத்துவிட்டு.

ஏப்ரல் கடைசியில் ஆணையத்திலிருந்து கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. போக வேண்டாம் என்றாள் போர்கில்ட். போகாமல் வீட்டில் என்ன செய்வது என்று போனேன். மருத்துவர் இன்னும் குழந்தையோடு வீட்டில். வென்கே பனி வெயிலில் முகம் வெந்து மருத்துவ விடுப்பில். மறுபடியும் டாக்னி, ஸ்டைனார், நான். பொருள் ஒண்ணு, பாதம் என்று ஐவின்ட் படித்ததும், பழக்கத்தில் நான் எழுந்து கதவை நோக்கி நடந்தேன்.

"இரு இரு, ஆஸ்முண்ட்" என்று கூப்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "உக்காரு. சட்டப்படி பாத்துட்டேன். ஊசி பரிசோதனை அறிக்கை வந்துருச்சு. தசை செத்துடுச்சு. இந்தச் சொல்லு வந்தாலும் வராட்டியும் உனக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்ல. அதனால இதுல உனக்கு இனிமே எந்தச் சொந்த அக்கறையும் கெடையாது. நீ ஓட்டுப் போடலாம்!"

டாக்னி எழுந்து நின்றாள். "எனக்குப் பெருமையா இருக்கு" என்றாள். "நோயாளி நடுவில்னு எல்லாரும் சுவத்துல எழுதி வைக்கிறாங்க. இன்னிக்கு நம்ம மேசையில நிஜமாவே ஒரு நோயாளி, யாரோட தூண்டுதலும் இல்லாம, சுய லாபம் இல்லாம, உக்காந்திருக்கான். அவன் ஓட்டுல தீர்மானம் நிறைவேறப் போகுது. அமைப்பு வேலை செய்யுது, ஆஸ்முண்ட். நேரம் ஆனாலும் வேலை செய்யுது."

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. எதிர்த்து ஓட்டுப் போட வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை நாள் என்னை வெளியே வைத்த சொல் வெளியே கிடக்கட்டும்.

"இந்தச் சொல்லுக்காக வேற யாராவது காத்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

ஐவின்ட் காகிதத்தைப் புரட்டினார். "ஆறு பேரு. அதுல ஒரு பொண்ணு, இருபத்து நாலு வயசு. ஐஸ்லாந்துல குதிரையிலேர்ந்து விழுந்தவ. இங்கிலீஷ்ல கடிதம் குடுத்திருக்காங்க. கெடு ஜூன் வரைக்கும்."

நான் கையைத் தூக்கினேன். டாக்னி தூக்கினாள். ஸ்டைனார் தூக்கினார். ஐவின்ட் எண்ணி எழுதிக்கொண்டார். வாஃபிள் வந்தது. நான் வேண்டாம் என்றேன்.

கீழே மழை. போர்கில்ட் காரை மாடிப்படிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். நான் ஏறி, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தேன்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒருமனதா நிறைவேறிடுச்சு."

"எது?"

"பாதம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி, கண்ணாடி துடைப்பானைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.